இரண்டு குடியிருப்புகள், பத்து ஆண்டுகள்



வயதுவந்தோரிடம் உடல்பருமனும் நீரிழிவும் காலப்போக்கில் எப்படிக் கூடி வந்திருக்கின்றன என்று பேச அழைத்திருக்கிறீர்கள். இதற்காக உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். பசிபிக் கடலில் நவூரு என்னும் சின்னஞ்சிறு தீவில் 1975-இல் சோதித்தபோது வயதுவந்தோரில் மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு இருந்த கதையிலிருந்து தொடங்கலாம். நான் அவ்வளவு தூரம் போகப் போவதில்லை. சென்னையையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் விட்டு அதிகம் நகர மாட்டேன். இந்த நோயை இவ்வளவு நீண்ட காலமாக, இவ்வளவு பக்கத்திலிருந்து கவனித்த நகரங்கள் சிலவே. டாக்டர் எம். விசுவநாதன் 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். 1954-இல் ராயபுரத்தில் அதற்கென்றே ஒரு மருத்துவமனை எழுந்தது. அங்கே வேரூன்றிய மரபில் வந்த அ. ராமச்சந்திரன், வி. மோகன் போன்றோர் வீடு வீடாகப் போய், ஊர் ஊராகப் போய், விரல்நுனி ரத்தத்தை அளந்து எழுதி வைத்த கணக்கு நம்மிடம் இருக்கிறது. சொந்த ஊர்க் கணக்கு கையில் இருக்கும்போது அதைத்தான் முதலில் வாசிக்க வேண்டும்.

நான் பிறந்த கிராமத்தில் நீரிழிவுக்குப் பெயர் 'பெரிய வீட்டு நோய்'. ஈழத்தில் சலரோகம் என்பார்கள், சித்த மருத்துவர்கள் மதுமேகம் என்பார்கள், இன்று எல்லோரும் சுருக்கமாக 'சுகர்' என்கிறோம். எங்கள் ஊரில் அப்போது அது நெல் குதிரும் காரும் இருந்த இரண்டு குடும்பங்களுக்கு உரியது. கூலிக்காரருக்குச் சர்க்கரை வரும் என்று யாரும் நினைக்கவில்லை. பின்னாளில் மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் படித்தபோதும், அங்கேயே கற்பித்த முதல் சில ஆண்டுகளிலும், நானும் ஏறத்தாழ அதையேதான் நம்பினேன். உடலுழைப்பு இருந்தால் போதும், ஏழ்மையே ஒருவகைக் காப்பு என்று மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த நம்பிக்கையை உடைத்த ஓர் ஆய்வைத்தான் இன்று உங்கள் முன் விரிக்கப் போகிறேன்.

1996-97-இல் ஆய்வாளர்கள் சென்னையில் இரண்டு குடியிருப்புகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்று திருமங்கலத்தில் உள்ள ஏசியாட் காலனி, நடுத்தர வருவாய்க் குடும்பங்கள் வாழும் இடம். மற்றொன்று தியாகராய நகரில் உள்ள பாரதி நகர், குறைந்த வருவாய்க் குடும்பங்களின் இடம். இருபது வயதைத் தாண்டிய 1,262 பேரை இரண்டு இடங்களிலுமாகச் சோதித்தார்கள். ஏசியாட் காலனியில் நூற்றுக்கு 12.4 பேருக்கு நீரிழிவு, பாரதி நகரில் 6.5 பேருக்கு. அதாவது ஏறக்குறைய சரிபாதி. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொன்னது சரி என்றே அன்று தோன்றியிருக்கும்.

பத்து ஆண்டுகள் கழித்து அதே இரண்டு இடங்களுக்கும் திரும்பிப் போனார்கள். ஏசியாட் காலனியில் 12.4 என்பது 15.4 ஆகியிருந்தது. பாரதி நகரில் 6.5 என்பது 15.3 ஆகியிருந்தது.

இந்த இரண்டு எண்களையும் முதன்முதலில் அருகருகே பார்த்த அன்று வெகுநேரம் வேறு எதையும் படிக்க முடியவில்லை. பத்தே ஆண்டுகளில் ஒரு நகரத்தின் ஏழைகள் அதன் நடுத்தர வர்க்கத்தை இந்த ஒரு விஷயத்தில் எட்டிப் பிடித்துவிட்டார்கள். கூலி எட்டவில்லை, வீடு எட்டவில்லை, படிப்பு எட்டவில்லை. நோய் எட்டிவிட்டது.

இனி சுற்றியுள்ள எண்களைப் பார்ப்போம். 1970-களின் தொடக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாட்டின் பல மையங்களில் எடுத்த கணக்கில் நகர்ப்புறத்தில் நீரிழிவு நூற்றுக்கு இரண்டு பேர் என்ற அளவை ஒட்டியே இருந்தது. சென்னையில் 1989-ஐ ஒட்டி எட்டைத் தாண்டியது. 1995-இல் 11.6, 2000-இல் 13.5, 2006-இல் 18.6. கிராமங்களின் கதை இதைவிட வேகமானது. சென்னைக்கு அருகே 1989-இல் 2.4 ஆக இருந்த கிராம அளவு 2003-இல் 6.4 ஆயிற்று. 2006-இல் காஞ்சிபுரம் நகரில் 16.4, அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் 9.2. பெருநகரம், சிறுநகரம், கிராமம் என்று படிக்கட்டு போல அன்று அது இறங்கிக்கொண்டிருந்தது.

இங்கே மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்த எண்களை ஒரே நூலில் கோத்துவிடாதீர்கள். ஒரு கணக்கு பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களை எடுத்துக்கொள்ளும், இன்னொன்று இருபதுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளும். வெறும் வயிற்றுச் சர்க்கரை 140 மில்லிகிராமைத் தொட்டால்தான் நீரிழிவு என்றிருந்த அளவுகோல் 1997-இல் 126 ஆகக் குறைக்கப்பட்டது. எதை அளக்கிறோம் என்பதும் முடிவை மாற்றும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பேராய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023-இல் சொன்னது. அடுத்த ஆண்டே ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழு 21.2 கோடி என்றது. இரண்டில் ஒன்று பொய் என்று பொருளல்ல. முன்னது குளுக்கோஸ் கரைசல் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்தும் ரத்தத்தைப் பார்த்தது. பின்னது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையையும் கணக்கில் சேர்த்தது. இரண்டும் ஒரே ஆளை எப்போதும் ஒன்றுபோலச் சொல்வதில்லை. ஏசியாட் காலனி, பாரதி நகர் கணக்கை நான் இவ்வளவு மதிப்பதற்குக் காரணம் இதுதான். அதே இடங்கள், அதே குழுவினர், அதே கேள்வி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓர் ஏரியில் தண்ணீர் ஏறுகிறது என்றால் வரத்து வாய்க்காலில் நீர் கூடியிருக்கலாம், அல்லது மதகு வழியே வெளியேறுவது குறைந்திருக்கலாம். நீரிழிவு உள்ளோர் தொகையும் அப்படித்தான். மருத்துவம் கிடைத்து நோயாளிகள் நீண்ட நாள் வாழ்ந்தாலும் விழுக்காடு ஏறும், அது நல்ல செய்தி. அமெரிக்கா உள்ளிட்ட பல வசதியான நாடுகளில் கடந்த பதினைந்து ஆண்டுகளில் புதிதாக நீரிழிவு கண்டறியப்படுவோர் விகிதம் கூடாமல் நின்றோ குறைந்தோ வந்திருக்கிறது. அங்கே மொத்தத் தொகை ஏறுவதில் நீளும் ஆயுளுக்கும் பங்கு உண்டு. நம் ஏரியில் வரத்து வாய்க்கால்தான் பெருக்கெடுக்கிறது. சென்னையில் 2001-03-இல் சோதிக்கப்பட்டவர்களை ஏறத்தாழப் பத்தாண்டு பின்தொடர்ந்தபோது, நோயில்லாத ஆயிரம் பேரில் ஆண்டுக்கு 22 பேர் வீதம் புதிதாக நீரிழிவுக்கு ஆளானது தெரிந்தது. தொடக்கத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார்கள்.

உடல்பருமனுக்கு வருகிறேன். தேசியக் குடும்ப நல ஆய்வு, உயரத்தோடு எடையை ஒப்பிடும் அளவான பி.எம்.ஐ. 25-உம் அதற்கு மேலும் உள்ளவர்களைக் கணக்கிடுகிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் 2005-06-இல் நூற்றுக்கு 20.9, 2015-16-இல் 30.9, 2019-21-இல் 40.4. ஆண்களில் 14.5, 28.2, 37.0. பதினைந்து ஆண்டுகளில் பெண்களிடையே ஏறத்தாழ இரட்டிப்பு, ஆண்களிடையே அதற்கும் மேல். அதே கடைசி ஆய்வில், அதே தமிழ்நாட்டில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். எடை கூடியிருக்கிறது, ரத்தம் கூடவில்லை. 'தின்று கொழுத்தவர்கள்' என்ற பேச்சு எவ்வளவு கொடுமையானது என்று இந்த ஓர் எண் காட்டும். வயிறு நிறைகிறது, உடம்புக்கு வேண்டியது கிடைப்பதில்லை.

பி.எம்.ஐ. நம் உடம்பைப் பற்றி முழு உண்மையைச் சொல்வதும் இல்லை. 2004-இல் 'லான்செட்' இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வெளியானது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. அளவுகோல்படி இருவரும் இயல்பான எடை உடையவர்களே. கருவியில் உடற்கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. நம்மவர்களின் ஒல்லியான கைகால்களுக்குள்ளும் தொப்பைக்குள்ளும் கொழுப்பு ஒளிந்திருக்கிறது, தசை குறைவாக இருக்கிறது. ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை வாங்கிச் செலவழிக்கும் முதன்மையான இடம் தசை. அது போதாதபோது கணையம் அளவுக்கு மீறி உழைத்துக் களைத்துப் போகிறது.

யாஜ்னிக் அத்தோடு நிற்கவில்லை. புனே அருகே கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டார். நம் குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ, அவர்களுடையவை 3.5 கிலோ. எடையில் இவ்வளவு வேறுபாடு இருந்தும், தோலடிக் கொழுப்பில் நம் குழந்தைகள் அந்த அளவுக்குப் பின்தங்கவில்லை. குறைந்தது தசையும் உள்ளுறுப்புகளும்தான். தாய் வயிற்றிலேயே பஞ்சத்துக்குத் தயாராகி வெளிவரும் உடம்பு அது. பிறகு நாற்பது ஆண்டுகள் கழித்து அந்த உடம்புக்கு அரிசியும் சர்க்கரையும் எண்ணெயும் தாராளமாகக் கிடைக்கின்றன. பாரதி நகரில் நடந்ததை விளங்கிக்கொள்ள இதைவிட நெருக்கமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. அங்கே 1996-இல் நாற்பது வயதானவர் 1950-களில் கருவில் இருந்தவர். அவர் தாய் என்ன சாப்பிட்டிருப்பார்?

அதனால்தான் ஆசியர்களுக்கு ஆபத்து பி.எம்.ஐ. 23-லேயே தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் 2004-இல் சொன்னார்கள். எடைபார்க்கும் கருவியைவிடத் தையற்காரரின் நாடா நமக்கு அதிகம் சொல்லும். இடுப்புச் சுற்றளவுக்கு எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. இந்த இரண்டு எண்களை மட்டும் இன்று வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

உணவைப் பற்றிப் பேசும்போது நான் தயங்கித்தான் பேசுவேன். சென்னையில் நடந்த ஆய்வுகளில் மக்கள் உண்ணும் கலோரியில் ஏறத்தாழப் பாதி தீட்டிய தானியத்திலிருந்து வந்தது, அதில் பெரும்பங்கு வெள்ளரிசி. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்து என்று அண்மையில் வெளியான கணக்கு சொல்கிறது. தவிட்டோடு சத்தும் நாரும் போய்விட்ட அரிசி வேகமாகச் சர்க்கரையாகும். அறிவியல் இதில் தெளிவாக இருக்கிறது.

ஆனால் அரிசி தமிழ்நாட்டு ஏழைக்கு வெறும் மாவுச்சத்து அல்ல. கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் அன்றாடமாக இருந்து, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் நெல்லுச்சோறு கண்ட தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. ரேஷன் கடை அரிசி அவர்கள் வீட்டு அடுப்பில் மூன்று வேளையும் ஏறியது இந்த மாநிலம் சாதித்த பெரிய காரியங்களில் ஒன்று. பசியால் யாரும் சாகக் கூடாது என்று ஓர் அரசு முடிவெடுத்து நிறைவேற்றியதை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். நான் கேட்பது அடுத்த படி. அதே கடையில் பருப்பும் பயறும் கேழ்வரகும் அதே எளிமையோடு கிடைக்க வேண்டும். 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அதை எல்லா மாவட்டங்களுக்கும் கொண்டுவர வேண்டும். இன்று சிறுதானியத்துக்கு நகரத்துக் கடைகளில் இருக்கும் விலை அதைப் பெரிய வீட்டு உணவாக ஆக்கிவிட்டது. நோய் சேரிக்கு வந்துவிட்டது, அதற்கான பத்தியம் மாடி வீட்டில் இருக்கிறது.

உழைப்பைப் பற்றியும் இதே எச்சரிக்கையோடுதான் பேச வேண்டும். அம்மியும் ஆட்டுக்கல்லும் உரலும் போனதால்தான் பெண்களுக்குச் சர்க்கரை வந்தது என்று மேடைகளில் பலர் பேசக் கேட்டிருக்கிறேன். என் அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து நெல் குத்தியவர். அந்த உலக்கை அவர் முதுகை என்ன செய்தது என்று பார்த்து வளர்ந்தவன் நான். கிரைண்டர் வந்தது விடுதலை. போய்விட்ட உழைப்புக்கு ஈடாக அந்தப் பெண் நடக்க ஓர் இடம், அதற்கு ஒரு மணி நேர ஓய்வு, இருட்டிய பின்னும் அச்சமில்லாத ஒரு தெரு, இவை எங்கே என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடையின் ஒரு பாதி ஏசியாட் காலனியில் இருக்கிறது. முதல் ஆய்வுக்குப் பிறகு அங்கே நீரிழிவு பற்றித் தொடர்ந்து எடுத்துச் சொன்னார்கள். கேட்ட மக்கள் தாங்களே பணம் திரட்டித் தங்கள் குடியிருப்பில் ஒரு பூங்கா அமைத்துக்கொண்டார்கள். முறையாக உடற்பயிற்சி செய்வோர் 14.2 விழுக்காட்டிலிருந்து 58.7 விழுக்காடாக உயர்ந்தனர். பத்தாண்டில் அங்கே நீரிழிவு 12.4-இலிருந்து 15.4 என்று மெதுவாக ஏறியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறேன். அந்த மக்களைப் பாராட்டுகிறேன். ஆனால் பாருங்கள், பூங்கா அமைக்கப் பணம் வேண்டும், பணத்துக்கும் முன்னால் இடம் வேண்டும். நெருக்கமான ஒரு குறைந்த வருவாய்க் குடியிருப்பில் எந்த மண்ணைக் காட்டி இங்கே பூங்கா என்பது? விழிப்புணர்வை இரண்டு இடத்துக்கும் பொதுவாக்கலாம். அதைச் செயலாக்கும் வசதி பொது அல்ல. மாநகராட்சி செய்ய வேண்டிய காரியம் இது, தனிமனித ஒழுக்கத்தின் தலையில் ஏற்றக் கூடாது.

பாரதி நகரில் தெரிந்தது பின்னர் நாடளவில் உறுதியாயிற்று. முன்னர் சொன்ன ஆராய்ச்சிக் கழகப் பேராய்வு 2017-இல் வெளியிட்ட முடிவுகளின்படி தமிழ்நாடு, மகாராஷ்டிரம், சண்டிகர் போன்ற வளர்ந்த பகுதிகளின் நகரங்களில் வசதி குறைந்தவர்களிடமே நீரிழிவு அதிகம். சண்டிகர் நகரத்தில் வசதியானவர்களில் 12.9, வசதி குறைந்தவர்களில் 26.9. எட்டிப் பிடித்தது மட்டுமா, கடந்தும் போய்விட்டது.

தடுக்க முடியுமா? முடியும், அதற்கும் சான்று இங்கிருந்தே வந்தது. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டு மூன்றாண்டு பின்தொடர்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்துவிட்டது. உணவு, நடை இரண்டிலும் தொடர்ந்து துணைநின்று வழிகாட்டப்பட்டவர்களில் 39.3. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் பெற்றவர்களிலும் ஏறத்தாழ அதேதான், 40.5. இதில் என் மனத்தைத் தொட்ட செய்தி ஒன்றுண்டு. பலன் பெற்றவர்களுக்கு எடை குறிப்பிடும்படி குறையவில்லை. எடை குறையவில்லை என்று மனம் விட்டு நடையை நிறுத்திவிடுகிறவர்களுக்கு நான் எப்போதும் இதைச் சொல்கிறேன். தராசு முள் நகராவிட்டாலும் உள்ளே தசை வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

நோய் வந்தவர்கள் நிலை என்ன? 2020-இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கில் நீரிழிவு உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கு மட்டுமே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. அதாவது பத்தில் ஒன்பது பேரின் கண்ணும் சிறுநீரகமும் பாதமும் நாளுக்கு நாள் அரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. என் அம்மாவும் அந்த ஒன்பதில் ஒருவர். மாத்திரை வாங்க இரண்டு பேருந்து மாறி, அரைநாள் கூலியை விட்டு, மருத்துவமனை வரிசையில் நிற்க வேண்டும். 'உடம்பு நல்லாத்தானே இருக்கு' என்று இடையில் விட்டுவிடுவார். மருத்துவனான நான் வெளியூரில் இருந்தேன். அவர் காலில் பட்ட புண் ஆறாமல் விரல் ஒன்றை எடுத்த பிறகுதான் மாத்திரை நின்றுபோனது எனக்குத் தெரிந்தது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் அரசுத் திட்டம் தொடங்கப்பட்டபோது நான் அம்மாவைத்தான் நினைத்தேன். மாத்திரை வீட்டுக்கே வருகிறது என்பது கேட்பதற்குச் சின்ன மாற்றம். விட்டுவிடாமல் சாப்பிட வேண்டிய ஒரு நோயில் அதுவே பெரிய பாதி. அந்தப் பணியைச் செய்யும் பெண் தன்னார்வலர்களுக்குக் கொடுக்கும் ஊக்கத்தொகை அவர்கள் நடக்கும் தூரத்துக்கு ஈடாகாது என்பதையும் இந்த மேடையில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

சென்ற மாதம் என் ஊர்ப் பக்கம் அப்படி ஒரு தன்னார்வலரோடு காலை ஆறு மணிக்கு நடந்தேன். ஒரு வீட்டில் ஐம்பது வயதிருக்கும் அம்மையார், ஒல்லியான உருவம், நூறு நாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். விரலில் குத்திப் பார்த்ததில் வெறும் வயிற்றில் 212. "சோத்தைக் குறைச்சுக்கிட்டுப் பயறு, கீரை சேத்துக்கங்கம்மா" என்றேன். "பயறு கிலோ என்ன வெலைங்க ஐயா விக்குது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தன்னார்வலருக்குத் தெரிந்திருந்தது, சொன்னார். அம்மையார் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "வாரத்துக்கு ரெண்டு நாள்னா முடியும்" என்றார். தன்னார்வலர் நோட்டில் 212 என்று எழுதி, ஒரு மாத மாத்திரையை எண்ணிக் கொடுத்தார். அதை முந்தானையில் முடிந்துகொண்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அவர் ஏரிக்கரைப் பக்கம் நடந்து போனார்.